அயோஃபராங்கோ: கடையும் குடையும் இல்லாத கிரீட் கரைக்குப் போய்வரும் முறை

கிரேக்கத்தின் மிகப் பெரிய தீவான கிரீட்டின் வடகரையில் பெரும்பகுதியை விடுதிகளும் சாய்வுக் கட்டில்களும் பிடித்துக்கொண்டுவிட்டன. தென்கரையிலோ மலை கடலுக்குள் நேராக இறங்குவதால், சாலை போட இடமில்லாத சிறு குடாக்கள் பல இன்றும் அப்படியே கிடக்கின்றன. அஸ்தெரூசியா மலைத்தொடரின் மேற்கு முனையில், லிபியக் கடலைப் பார்த்தபடி இருக்கும் அயோஃபராங்கோ அவற்றுள் ஒன்று. ‘புனித மலையிடுக்கு’ என்பது பெயரின் பொருள். இருபுறமும் செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே, வறண்ட ஓடைப் படுகை வழியாக இருபது முப்பது நிமிடம் நடந்தால், பாறைகள் விலகி, கூழாங்கல்லும் பருமணலும் கலந்த ஒரு சிறிய கரை தென்படும். அங்கே கடை, குடை, கழிப்பறை, குடிநீர்க் குழாய், உயிர்காப்பாளர் என்று எதுவும் கிடையாது. கைப்பேசிச் சமிக்ஞையையும் நம்பியிருக்க முடியாது. எனவே எந்த நாளில் போவது, எந்த நேரத்தில் போவது, எவ்வளவு தண்ணீர் சுமப்பது, எப்போது திரும்புவது ஆகிய எல்லாவற்றையும் வண்டியை நிறுத்துவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். கரையை அடைந்த பிறகு திருத்திக்கொள்ள வாய்ப்பு மிகக் குறைவு.

முதலில் பார்க்க வேண்டியது காற்று. வெயிலையும் மழையையும் மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது நம்மில் பலரின் வழக்கம். கிரேக்கத்தைச் சூழ்ந்த ஏஜியன் கடல் வட்டாரத்தில் அது போதாது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்தெமி என்ற வடகாற்று நாள்கணக்கில் ஓயாமல் வீசும். கிரேக்க வானிலை அறிக்கைகள் காற்றின் வேகத்தைப் போஃபோர்ட் அளவில் சொல்கின்றன: 4 என்றால் மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர், 6 என்றால் 39 முதல் 49 கிலோமீட்டர். மெல்தெமி வீசும் நாளில் வடகரைக் கடற்கரைகளில் அலை புரண்டுகொண்டிருக்க, தென்கரையில் மலை மறைத்து நிற்பதால் கடல் கண்ணாடி போலத் தெளிந்து கிடக்கும். ஆனால் அந்த அமைதியில் ஒரு சூது உண்டு. மலையைத் தாண்டி வரும் காற்று பள்ளத்தாக்குகளின் வழியே இறங்கும்போது வேகம் கூடி, கரையிலிருந்து கடலை நோக்கி வீச்சு வீச்சாகப் பாயும். அலையே இல்லாத நீரில் காற்றடைத்த மெத்தையைப் போட்டுப் படுத்திருப்பவரை அது சத்தமில்லாமல் வெளிக்கடலுக்குத் தள்ளிவிடும். தெற்கே அடுத்த பெருநிலம் லிபியாதான். ஆகவே வடகாற்று 5 அல்லது அதற்கு மேல் என்று அறிக்கை சொன்னால், மிதவை மெத்தை, குழந்தைகளுக்கான காற்றுப் படகு, துடுப்புப் பலகை ஆகியவற்றை அறையிலேயே விட்டுவிட வேண்டும். நீந்துவதானால் குடாவின் வாயைத் தாண்டாமல், கரைக்கு இணையாக நீந்தலாம்.

தென்காற்று வீசும் நாளில் நிலைமை தலைகீழாகிவிடும். தெற்கு நோக்கிய குடாவுக்குள் அலை நேராக ஏறி வரும். வட ஆப்பிரிக்கப் புழுதி வானத்தை மஞ்சளாக்குவதும் உண்டு. அத்தகைய நாளில் நடைக்காகப் போகலாமே தவிர, குளிப்பதற்காகப் போகக் கூடாது.

இந்தக் கடலோரத்தின் குணத்தைப் புதிய ஏற்பாடே பதிவு செய்திருக்கிறது. அயோஃபராங்கோவுக்குச் சற்றுக் கிழக்கே உள்ள கலி லிமெனெஸ் என்ற சிற்றூர்தான் அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில் ‘நல்ல துறைமுகம்’ என்று வருகிறது. பவுல் ஏறியிருந்த கப்பல், மெல்லிய தென்காற்றை நம்பி அங்கிருந்து புறப்பட்ட சற்று நேரத்திலேயே, தீவின் பக்கமிருந்து பாய்ந்த கடுங்காற்றில் சிக்கிக் கரையை விட்டு அடித்துச் செல்லப்பட்டது. பாய்மரக் கப்பலுக்கே அந்தக் கதியென்றால், பிளாஸ்டிக் மெத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பருவத்தைப் பொறுத்தவரை, மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரையும், செப்டம்பர் முழுவதும், அக்டோபரின் முற்பகுதியும் ஏற்றவை. மே மாதத்தில் நீர் நமக்குச் சற்றுக் குளிர்ச்சியாகவே இருக்கும். கோடை முழுவதும் வெயிலை வாங்கிச் சேர்த்த கடல், செப்டம்பரில் 25 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கும். நடை, நீச்சல் இரண்டுக்கும் ஒத்துவருவது என்று என்னைக் கேட்டால் செப்டம்பரைத்தான் சொல்வேன். ஆகஸ்டில் கிரேக்கர்களே விடுமுறையில் இருப்பதால், இந்த ஒதுக்குப்புறக் கரையிலும் கூட்டம் இருக்கும். குளிர்காலத்தில், குறிப்பாக மழை பெய்த நாளிலும் அதற்கு அடுத்த நாளிலும், மலையிடுக்கினுள் இறங்கவே கூடாது. நடைபாதை என்று நாம் நினைப்பது உண்மையில் ஓடை. மேலே மலையில் பெய்த மழை கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதுகூட வெள்ளமாக வந்து சேரும், இருபுறமும் ஏறித் தப்பிக்க வழியற்ற பாறைதான் இருக்கும்.

ஹெராக்லியோன் விமான நிலையத்திலிருந்து தெற்கே மெஸாரா சமவெளியில் உள்ள மிரெஸ் நகரம் வரை நல்ல தார்ச்சாலை. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். பொதுப் பேருந்தும் அதுவரை வரும். அதற்கப்பால் சிவாஸ், லிஸ்தாரோஸ் ஆகிய சிற்றூர்களைக் கடந்து ஒதிகித்ரியா மடாலயத்தை அடைய வேண்டும். அந்தப் பகுதிக்குச் சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இல்லாமல் முடியாது. பெட்ரோல், தண்ணீர், ரொட்டி, பழம் ஆகிய அனைத்தையும் மிரெஸிலேயே வாங்கிவிடுவது நல்லது. சனிக்கிழமைகளில் அங்கே கூடும் பெரிய சந்தையில் தக்காளி, வெள்ளரி, முலாம்பழம், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி எல்லாம் விளைவித்தவர்களிடமிருந்தே கிடைக்கும். அன்று நகருக்குள் வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வாடகை வண்டி எடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைக் கூர்ந்து படிக்க வேண்டும். மண் சாலையில் ஏற்படும் சேதத்துக்கும், டயர், வண்டியின் அடிப்பாகம் ஆகியவற்றுக்கும் பல நிறுவனங்களின் காப்பீடு பொருந்தாது. ‘முழுக் காப்பீடு’ என்று முகப்பில் எழுதியிருந்தாலும் சிறிய எழுத்தில் இந்த விலக்கு இருக்கும். மடாலயத்துக்கு அப்பால் மலையிடுக்கின் தலைப்பை, அதாவது நடை தொடங்கும் இடத்தை, நோக்கி இறங்கும் கடைசிப் பகுதி மண்ணும் சல்லியும் குழியுமானது. தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்கும் வண்டி வசதி. சிறிய காரில் போகிறவர்கள் முதல் கியரில், குழியைச் சுற்றிச் சுற்றி, மிக மெதுவாகப் போக வேண்டும். சாலை மோசமாகத் தெரிந்த இடத்திலேயே ஓரமாக நிறுத்திவிட்டுக் கூடுதலாகக் கால் மணி நேரம் நடப்பதில் எந்த நட்டமும் இல்லை. இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் ஊரிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துவர வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய, பிரிட்டிஷ் உரிமங்களுக்கு அது தேவையில்லை.

போகிற வழியில் ஒதிகித்ரியா மடாலயத்தில் சற்று நிற்பது தகும். மதிலுக்குள் நிற்கும் சதுரக் கோபுரம், துருக்கியருக்கு எதிராகப் போரிட்ட முன்னாள் துறவி க்சோபதேராஸின் பெயரால் அறியப்படுகிறது. 1828இல் அதற்குள்ளிருந்து கடைசி வரை எதிர்த்துப் போராடி அவர் மாண்டார். மடாலயத்துக்குள் தோளையும் முழங்காலையும் மூடிய உடையோடுதான் நுழைய வேண்டும் என்பதால், நீச்சல் உடைக்கு மேல் ஒரு சட்டையும் நீண்ட கால்சட்டையும் கைவசம் இருக்கட்டும்.

சுமக்க வேண்டியவற்றில் தண்ணீரே முதன்மையானது. கோடையில் ஒரு நாள் முழுதும் தங்குவதானால் ஆளுக்கு மூன்று லிட்டர் என்பது குறைந்த அளவு. அதில் ஒரு புட்டியை முந்திய இரவே உறைய வைத்து உணவுப் பைக்குள் வைத்தால், மதியம் வரை உணவைக் குளிர்ச்சியாக வைத்திருந்துவிட்டுப் பிறகு குடிக்கவும் உதவும். மலையிடுக்கில் தேவாலயத்தை ஒட்டி ஒரு கிணறு உண்டு என்றாலும் அதன் நீரைக் குடிப்பதற்கென்று கணக்கில் சேர்க்கக் கூடாது. கரையில் மரநிழல் இல்லை. பாறையின் நிழல் காலையில் ஒருபுறமும் மாலையில் மறுபுறமும் விழும். நண்பகலில் இரண்டுமே இல்லை. ஆகையால் மடக்குக் குடை ஒன்று வேண்டும், ஆனால் கூழாங்கல்லில் குடைக்கம்பி ஊன்றாது. ஒரு வெறும் துணிப்பையைக் கொண்டுபோய் அங்கேயே கல்லால் நிரப்பி, குடையின் காலோடு கட்டிவிடுவதுதான் எளிய வழி. காற்று வீச்சு வீச்சாக வரும் நாளில் குடையை மடக்கிவிட்டு, தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்வதே பாதுகாப்பு. நடப்பதற்கு விரல் மூடிய, அடிப்பாகம் தடித்த காலணி வேண்டும். நீருக்குள் இறங்க ரப்பர் நீர்க்காலணி வேண்டும். இவற்றோடு கைவிளக்கு, கட்டுத்துணி, கிருமிநாசினி, முள்ளெடுக்கும் இடுக்கி, குப்பைக்கு இரண்டு உறுதியான பைகள். திரும்பும்போது நடை மெல்லிய ஏற்றம் என்பதால், கனத்த குளிர்பெட்டியை இருவர் தூக்கிக்கொண்டு வரும் ஏற்பாட்டைத் தவிர்த்து, எல்லாம் முதுகுப் பையில் அடங்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோடையில் காலை எட்டரை மணிக்குள் மலையிடுக்கின் தலைப்பை அடைந்துவிடுவது உத்தமம். அந்நேரத்தில் மேற்குச் சுவரின் உச்சியில் மட்டும் வெயில் பட்டிருக்கும். படுகை நிழலில் இருக்கும். வண்டியில் உணவுப் பொட்டலத்தைத் திறந்த கண்ணாடிக்கருகில் வைக்க வேண்டாம், ஏனெனில் அங்கே மேயும் ஆடுகளுக்குக் கூச்சம் என்பது அறவே இல்லை. பாதை தவற வழியில்லை, ஓடை போகும் பக்கமே போக வேண்டியதுதான். படுகையில் கரோப் மரங்களும், வெயில் காலத்தில் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் அரளிப் புதர்களும் உண்டு. நம் ஊர் அரளியைப் போலவே இதுவும் பால் முதல் இலை வரை நஞ்சு என்பதால், அதன் குச்சியை ஒடித்து உணவைக் குத்தித் தின்னவோ குழந்தைகள் கையில் கொடுக்கவோ கூடாது. பாறைச் சுவர்களில் கயிற்றோடு ஏறுபவர்களைக் காணலாம். மலையேற்றக்காரர்களிடையே இந்த மலையிடுக்கு பெயர் பெற்றது. அவர்களுக்கு நேர் கீழே நிற்காமல் விலகி நடக்க வேண்டும். அவர்களைவிட ஆபத்து ஆடுகளால்தான்: மேலே விளிம்பில் கழுத்துமணி ஒலித்தால், அடுத்து ஒரு சிறு கல் தட்டித் தட்டி இறங்கி வரும் வாய்ப்பு உண்டு என்று எடுத்துக்கொண்டு, சுவரை விட்டுப் படுகையின் நடுப்பக்கம் வந்துவிடலாம். இன்னும் மேலே, வானத்தில் சிறகடிக்காமல் வட்டமிடுபவை பாறுக் கழுகுகள். உலகில் எந்தத் தீவிலும் இல்லாத அளவுக்கு இந்த வகைப் பாறுகள் கிரீட்டில்தான் வாழ்கின்றன. அஸ்தெரூசியா அவற்றின் முக்கிய வாழிடங்களுள் ஒன்று. இந்த மலைத்தொடரை யுனெஸ்கோ 2020இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

கடலை எட்டுவதற்குச் சற்று முன்னால், பாறையோடு பாறையாகப் பாதி குடைந்தும் பாதி கட்டியும் எழுப்பிய புனித அந்தோனியார் தேவாலயம் வரும். உள்ளே குளிர்ச்சியாகவும் இருட்டாகவும் இருக்கும். மெழுகுவர்த்தி ஏற்ற விரும்புவோர் காணிக்கைப் பெட்டியில் சில்லறை போட்டுவிட்டு ஏற்றலாம், வெளியேறும்போது அதை அணைத்து, ஆடு நுழையாதபடி கதவைச் சாத்திவிட வேண்டும். சுற்றியுள்ள பாறைக் குகைகளில் ஒரு காலத்தில் துறவிகள் தனித்தனியே வாழ்ந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காமலே ஆண்டு முழுதும் இருந்துவிட்டு, ஆண்டுக்கொருமுறை மட்டும் கூமெனோஸ்பிலியோஸ் என்ற பெரிய குகையில் கூடுவார்கள் என்றும், அன்று வராதவர் இறந்துவிட்டார் என்று மற்றவர்கள் அறிந்துகொள்வார்கள் என்றும் உள்ளூரார் சொல்வதுண்டு. அதற்கும் வெகுகாலம் முன்பே இந்தப் பள்ளத்தாக்கில் மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். வெண்கலக் காலத்தில் கிரீட்டில் செழித்த மினோவா நாகரிகத்தின் தொடக்க காலத்தைச் சேர்ந்த வட்ட வடிவக் கல்லறைகளைத் தொல்லியலாளர்கள் இங்கே கண்டறிந்திருக்கிறார்கள். பழைய சுவர்க் கல் எதையும் பெயர்த்து உட்காரப் பயன்படுத்தக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்தான்.

கரையில் இடம் பிடிக்கும்போது, நிழலுக்கு ஆசைப்பட்டுச் செங்குத்துப் பாறையின் அடியில் விரிப்பைப் போடுவதுதான் எல்லோரும் செய்வது. தரையில் கூர் முனையோடு புதிதாக உடைந்த கற்கள் கிடந்தால், அவை மேலிருந்து விழுந்தவை என்று பொருள். அலை உருட்டிய கல் வழவழப்பாக இருக்கும். கூர்கல் கிடக்கும் எல்லைக்கு வெளியே உட்கார வேண்டும். கூழாங்கல் கரைகள் நீருக்குள் சட்டென்று ஆழமாவது வழக்கம். நீச்சல் தெரியாதவர்களும் குழந்தைகளும் இடுப்பளவு நீரில் நிற்கும்போதே அடுத்த அடி கழுத்தளவாக இருக்கலாம் என்பதால், பெரியவர் ஒருவர் எப்போதும் கடல்பக்கமாக நின்றுகொள்ள வேண்டும். சிறு அலை இருக்கும்போது கரையேறுவதற்கும் ஒரு முறை உண்டு. பின்வாங்கும் நீர் காலடிக் கல்லை உருவிக்கொண்டு போகையில் எழுந்து நிற்க முயன்றால் விழத்தான் வேண்டும். அடுத்த அலை முதுகில் தள்ளும்வரை பொறுத்திருந்து, அது தள்ளியவுடன் கையையும் ஊன்றித் தவழ்ந்து மேலேறிவிட வேண்டும். பார்க்கச் சற்று வேடிக்கையாக இருந்தாலும் முழங்கால் தப்பும்.

குடாவின் இரு ஓரங்களிலும் உள்ள பாறைகளை ஒட்டித்தான் மீன்களைப் பார்க்க முடியும். முகமூடிக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் கொண்டுபோயிருந்தால் நேரம் போவதே தெரியாது. அதே பாறைகளில்தான் கருநிறக் கடல் முள்ளெலிகள் அப்பியிருக்கும். அதன் முள் காலில் ஏறி ஒடிந்துவிட்டால், அழுத்திப் பிதுக்காமல், தாங்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் நெடுநேரம் ஊற வைத்து, தெரியும் முனையை இடுக்கியால் நேராக இழுக்க வேண்டும். ஆழமாக இருந்தால் மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும். பாறையிடுக்கில் கடல்குகை தென்பட்டால் வாயிலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரு காரணம், அலை கூடினால் உள்ளே தலை மோதும். மற்றொன்று, அரியவையான மத்தியதரைக் கடல் துறவிச் சீல்கள் என்ற கடல்நாய்கள் கிரேக்கக் கரைகளில் இத்தகைய குகைகளில்தான் ஒதுங்கிக் குட்டி ஈனுகின்றன.

நண்பகலை ஒட்டி, அயியா கலினி, மாதலா முதலிய ஊர்களிலிருந்து சுற்றுலாப் படகுகள் வந்து பயணிகளை இறக்கும். படகு குடாவுக்குள் நுழையும்போது நீரில் இருப்பவர்கள் கரைக்கு வந்துவிட வேண்டும். நங்கூரக் கயிற்றின் அருகே நீந்தக் கூடாது. அந்த இரண்டு மூன்று மணி நேரக் கூட்டத்தைப் பிடிக்காதவர்கள் அப்போது தேவாலயத்தடிக்குப் போய் நிழலில் படுத்திருக்கலாம். முட்டி வலியுள்ளவர்களுக்கும், மண் சாலையில் ஓட்டப் பயப்படுபவர்களுக்கும் அந்தப் படகே சிறந்த வழி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காற்று மாறினால் படகு ஓடாது என்பது மட்டுமே அதிலுள்ள குறை. ஆளரவமற்ற கிரேக்கக் கரைகளில் சிலர் உடையின்றிக் குளிப்பதும் உண்டு. அது இங்கே யாருக்கும் புதிதல்ல. நாம் செய்ய வேண்டியது தள்ளி உட்கார்வதும், பிறர் படும்படி படம் எடுக்காதிருப்பதுமே.

கிரேக்கச் சட்டப்படி கடலோரம் பொதுச் சொத்து. யாரும் வேலி போட்டுத் தடுக்க முடியாது. இயற்கை வளம் மிக்க 198 கரைகளை 2024இல் ‘கால்படாத கடற்கரைகள்’ என்று பட்டியலிட்ட அரசு, அங்கே சாய்வுக் கட்டில் வாடகைக்கு விடுவதையும் தடை செய்தது. அதே நேரத்தில், அனுமதிக்கப்பட்ட முகாம்களுக்கு வெளியே கூடாரம் அடித்துத் தங்குவது நாடு முழுவதும் சட்டவிரோதம். இந்தக் கரையில் யாரோ கூடாரம் போட்டிருப்பதைக் கண்டு, அனுமதி உண்டு போலும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மே முதல் அக்டோபர் வரை தீத்தடுப்புக் காலம்; அடுப்பு மூட்டுவதும், கரித்துண்டில் மீன் சுடுவதும், அணையாத சிகரெட்டை வீசுவதும் காய்ந்த தைம் புதர்களுக்கு நடுவே மன்னிக்க முடியாதவை. சமைக்க வேண்டாத உணவே போதும்.

கழிப்பறை விஷயத்தை நாசூக்காகத் தவிர்க்கும் வழிகாட்டிகள்தான் அதிகம். சிவாஸ் ஊரிலேயே முடித்துவிட்டு வருவது முதல் வழி. தவிர்க்க முடியாதபோது, ஓடைப் படுகையையும் கிணற்றையும் குகைகளையும் விட்டு விலகிய இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி மூடிவிட்டு, பயன்படுத்திய தாளை மூடிய பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஈரத்துடைப்பான் மக்காது. குகைகள் இப்படிப் பாழாகிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அவசியம் புரியும். பழத்தோல், பருப்புத் தோல் உட்பட எல்லாக் குப்பையும் வண்டிக்கு வந்து, மிரெஸ் வரை பயணம் செய்ய வேண்டும். மலையிடுக்கின் தலைப்பில் குப்பைத்தொட்டி இருந்தாலும் அது நிரம்பி வழிந்து ஆடுகள் கிளறிய நிலையில் இருக்கலாம்.

விபத்து நேர்ந்தால் ஐரோப்பிய அவசர எண் 112. கடலில் நேர்ந்தால் கடலோரக் காவல் படையின் 108. சமிக்ஞை கிடைக்காத இடம் என்பதால், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைத் தங்கும் விடுதியில் சொல்லிவிட்டு வருவதே முதல் பாதுகாப்பு. காயம்பட்டவரோடு ஒருவர் இருக்க, மற்றொருவர் மேலே நடந்து போய் அழைக்க வேண்டியிருக்கும். எனவே இருவராகப் போவதைவிட மூவராகப் போவது நலம்.

திரும்புவதற்கு, சூரிய மறைவுக்கு இரண்டு மணி நேரம் முன்பே பையைக் கட்டிவிட வேண்டும். மலையிடுக்கில் வெளிச்சம் சீக்கிரமே போய்விடும், மண் சாலையின் குழிகளோ சாய்வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. வண்டியை எடுப்பதற்கு முன் டயர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்து, அடியில் ஆட்டுக்குட்டி படுத்திருக்கிறதா என்றும் குனிந்து பார்த்துக்கொள்ளலாம். உப்பு உலர்ந்த உடம்போடு நேரே சாப்பிட உட்கார விரும்புவோருக்குச் சிவாஸின் ஊர்ச் சதுக்கத்தில் உணவகங்கள் உண்டு. கிரேக்கர்கள் இரவு உணவுக்கு ஒன்பது மணிக்கு மேல்தான் வருவார்கள் என்பதால், ஏழு மணிக்குப் போனால் நல்ல மேசையாகப் பார்த்து உட்கார்ந்துவிடலாம்.